பித்தப்பை என்று சொன்னோம்

(நமது சபையின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக என்னை இந்த மேடையில் ஏற்றினால் பென்ஷன் அரியர்ஸ் பற்றியோ, தீர்த்தவாரி சமயத்தில் ஆற்றங்கரையைச் சுத்தம் செய்வது பற்றியோ பேசிவிட்டு இறங்குவேன். இந்தத் தடவை காரியதரிசி தலைப்பு கேட்டபோது, "ஆரோக்கிய சம்பந்தமாக ஏதோ ஒன்று" என்று சொல்லி நழுவிவிட்டேன். தலைப்பை முன்பே சொல்லியிருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டீர்கள். அதைவிட, நானே பின்வாங்கியிருப்பேன். உடல் எடையைக் குறைப்பதற்காகச் செய்யும் அறுவை சிகிச்சை பற்றியும், அதை நம் குடும்பங்களில் மறைத்து வைக்கும் வழக்கம் பற்றியும் இன்று பேசப் போகிறேன்.

நான் டாக்டர் இல்லை. விக்டோரியா கல்லூரியில் பௌதிகம் படித்து 1971-இல் பி.எஸ்ஸி. வாங்கினவன். அதன் பிறகு எடை அளவுத் துறையில், இப்போது லீகல் மெட்ராலஜி என்கிறார்களே, அதில் சேர்ந்து, 55 வயது நிறைந்து 2006-இல் ஓய்வு பெற்றேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் தராசைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்கினவன் எடையைப் பற்றிப் பேசுவதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாக நீங்கள் ஒப்புக்கொள்ளலாம்.

விஷயம் என் சொந்தப் பெண்ணைப் பற்றியது. அவளுடைய சம்மதத்தோடுதான் பேசுகிறேன். சம்மதம் என்று கூடச் சொல்லக் கூடாது. "நீங்க சொல்லாட்டா நான் சொல்லிடுவேன் அப்பா" என்றாள்.

அவளுக்கு இப்போது 45 வயது. சின்ன வயசிலிருந்தே பூசின உடம்பு. பத்தாவது படிக்கும்போது 70 கிலோ. அக்ரஹாரத்தில் திண்ணைக்குத் திண்ணை ஒரு வைத்தியர் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் தேனும் வெந்நீரும், சாயங்காலம் கொள்ளுத் தண்ணீர், ராத்திரி அரை வயிறு. எல்லாம் செய்தாள். எட்டு கிலோ குறையும், ஆறு மாசத்தில் பத்து கிலோ ஏறும். வரன் பார்க்க ஆரம்பித்தபோது நாங்கள் ஒரு காரியம் செய்தோம். கல்யாணத்துக்கு அனுப்பும் போட்டோவில் முகமும் தோளும் மட்டும் இருக்கும்படி ஸ்டூடியோவில் எடுக்கச் சொன்னோம். நான்தான் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு எந்தக் குடும்பப் போட்டோவிலும் முன்வரிசையில் நின்றதில்லை என்பதை வெகு நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

27 வயதில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை தங்கமானவர், கட்டப்பனையில் வங்கியில் வேலை. அவளும் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானாள். ஒரு பிள்ளை பிறந்தான். எடை 90, 100 என்று போயிற்று. 31 வயதில் சர்க்கரை வந்தது. ராத்திரி குறட்டை விட்டுக்கொண்டே இருப்பவள் திடீரென்று மூச்சு நின்று திணறி எழுந்திருப்பாள். முகத்தில் கட்டிக்கொண்டு தூங்க ஒரு மெஷின் கொடுத்தார்கள். 2017-இல் அவள் எடை 112 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. அவளுக்கு அது 45-ஐத் தொட்டது. நமக்கெல்லாம் 23-க்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

இத்தனை வருஷமும் நான் அவளுக்குச் சொன்ன மருத்துவம் ஒரே வாக்கியம்: "வாயைக் கட்டினா வயிறு தானே குறையும்." விஞ்ஞானம் படித்தவன் சொன்ன வாக்கியம் அது. உள்ளே போவது குறைந்தால், வெளியே செலவாவது ஜாஸ்தியானால், எடை குறைந்துதானே ஆக வேண்டும்? வெப்ப இயக்கவியலின் முதல் விதி. விதியில் தப்பில்லை. அதைப் பிரயோகித்த இடத்தில்தான் தப்பு.

உத்தியோகத்தில் இருந்தபோது உடும்பன்சோலை தாலூக்காவில் ஏலக்காய் வியாபாரிகளின் தராசுகளைப் பரிசோதிக்கப் போவேன். வெறுந்தட்டில் முள் நடுவில் நிற்கும். எல்லாம் சரி என்று தோன்றும். தட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு துண்டுப் புளி ஒட்டியிருக்கும், அதற்கேற்ற மாதிரி மறுபக்கம் ஏதாவது செய்து வைத்திருப்பார்கள். அந்தத் தராசில் எத்தனை தடவை நிறுத்தாலும் அது தன் பொய்யான நடுவுக்கே திரும்பி வரும். நிறுப்பவன் எவ்வளவு யோக்கியனாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. உடம்புக்குள்ளும் அப்படி ஒரு தராசு இருக்கிறது என்பதும், சிலருக்குப் பிறவியிலேயே அதன் தட்டில் புளி ஒட்டியிருக்கிறது என்பதும் எனக்கு 66 வயதில்தான் தெரிய வந்தது.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

1944-இன் கடைசியில் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 திடகாத்திரமான இளைஞர்களை வைத்து ஒரு பரிசோதனை ஆரம்பித்தார். அவர்கள் தாமாக முன்வந்தவர்கள். 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். அவர்கள் உடம்பு செலவைச் சுருக்கிக்கொண்டது, கை கால் சில்லிட்டது, இதயம் மெதுவாக அடித்தது. மனசு முழுக்கச் சாப்பாடு. சமையல் புஸ்தகங்களை வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தார்கள். சோறு மறுபடி கிடைத்தபோது அவர்களால் நிறுத்த முடியவில்லை. இவர்கள் யாரும் குண்டானவர்கள் இல்லை, மன உறுதி இல்லாதவர்களும் இல்லை.

அமெரிக்க டெலிவிஷனில் எடை குறைப்புப் போட்டி ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துக் கெவின் ஹால் என்பவர் பரிசோதித்து 2016-இல் வெளியிட்டார். பெரும்பாலோருக்குக் குறைந்த எடை நிறையத் திரும்பி வந்திருந்தது. ஆனால் சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் கலோரி மட்டும் திரும்பி வரவில்லை. அவரவர் உடம்புக்கு எதிர்பார்க்கக் கூடியதைவிடத் தினம் சுமார் 500 கலோரி குறைவாகவே எரிந்துகொண்டிருந்தது. நம் கணக்கில் ஐந்தாறு இட்லி. அதாவது பக்கத்து இலைக்காரர் சாப்பிடுவதைவிட ஐந்து இட்லி குறைவாகச் சாப்பிட்டால்தான் இவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க முடியும்.

டென்மார்க்கில் 540 தத்துப் பிள்ளைகளைப் பற்றி 1986-இல் ஸ்டங்கார்ட் என்பவர் எழுதினார். வளர்த்தவர்களின் உடல்வாகுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே தெரியவில்லை. பெற்றவர்களின் உடல்வாகோடுதான் ஒத்துப்போயிற்று. 1999-இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா இருவரும் இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற பசி ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். உணவைக் குறைத்து எடையைக் குறைத்தவர்களுக்கு இது கூடுகிறது. வயிற்றிலிருந்து மூளைக்கு இடைவிடாமல் தந்தி போய்க்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பெண் இருபது வருஷம் அந்தத் தந்தியோடு போராடினாள். நான் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு வாயைக் கட்டு என்றேன்.

(நம்மில் ஒல்லியாக இருப்பவர்கள் சந்தோஷப்பட வேண்டாம். புனேயில் யாஜ்னிக் என்ற டாக்டரும் லண்டனில் யுட்கின் என்ற அவருடைய நண்பரும் 2004-இல் ஒன்றாக ஒரு போட்டோ போட்டார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2 சதவீதம். நம் கொழுப்பு வெளியே தெரியாமல் உள்ளே இருக்கிறது.)

இனி அறுவை சிகிச்சை. இது நேற்று முளைத்த அழகு சாதன வியாபாரம் இல்லை. வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தவர்கள் பிறகு குண்டாவதில்லை என்பதைக் கவனித்து, 1966-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் இதற்கென்றே ஒரு பைபாஸ் செய்தார். 1995-இல் வால்ட்டர் போரிஸ் என்ற அமெரிக்க சர்ஜன், தாம் பைபாஸ் செய்தவர்களில் சர்க்கரை நோய் இருந்த 146 பேரில் 121 பேருக்குச் சர்க்கரை சாதாரண அளவுக்கு வந்து, அப்படியே நிலைத்ததை எழுதினார். ஸ்வீடனில் அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும், செய்துகொள்ளாத அதே மாதிரியான 2,037 பேரையும் சராசரி 11 வருஷம் பின்தொடர்ந்து 2007-இல் கணக்கு வெளியிட்டார்கள். செய்துகொண்டவர்களில் இறந்தவர்கள் 101 பேர், செய்துகொள்ளாதவர்களில் 129 பேர்.

என் பெண்ணுக்குச் செய்ததற்கு ஸ்லீவ் என்று பெயர். வயிற்றில் நாலைந்து சின்னத் துளை போட்டு, இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாகத் தைத்துவிடுகிறார்கள். கிரெலின் அதிகமாகச் சுரக்கிற மேல்பாகமும் அதோடு போய்விடுகிறது. தந்தி குறைந்துவிடுகிறது. "அப்பா, எனக்கு நினைவு தெரிஞ்சு முதல் தடவையா சாப்பாட்டைப் பத்தி நினைக்காம ஒரு மத்தியானம் போச்சு" என்று பத்தாம் நாள் சொன்னாள். எனக்கு அது இன்னும் காதில் கேட்கிறது. அத்தனை வருஷம் அவளுக்கு எல்லா மத்தியானமும் எப்படிப் போயிருக்கும்?

சிகிச்சை கோயம்புத்தூரில். 2017 மே மாதம், பள்ளிக்கூட லீவில். டாக்டர்கள் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். சாப்பாட்டு முறை சொல்லித்தர ஒரு பெண்மணி தனியாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். முதலில் தெளிந்த திரவம், பிறகு கூழ், பிறகு குழைந்த சாதம், ஒவ்வொரு வாயும் நன்றாக மென்று, சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல். ஆயுள் முழுக்க விட்டமின் மாத்திரை. எல்லாம் அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள்.

அந்தக் காகிதத்தை நான் மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். ஏனென்றால் ஊரில் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். முடிவு செய்தது நான். ஆத்துக்காரி கூட "சம்பந்தி மாமிகிட்டயாவது சொல்லிடலாமே" என்றாள். நான் கேட்கவில்லை. பெண்ணைக் குறை சொல்வார்கள், சோம்பேறி குறுக்கு வழியில் போனாள் என்பார்கள், இவ்வளவு பணத்தைக் கொட்டி வயிற்றை அறுத்துக்கொள்வாளா என்பார்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியில் அப்போது இது விலக்கு, என் பிக்சட் டெபாசிட்டை உடைத்துத்தான் கட்டினேன். அது வேறு தெரிந்துவிடும். எனவே என்ன சொல்வது என்று யோசித்தேன். பித்தப்பையில் கல். கௌரவமான வியாதி. துளைகளும் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். அதையே சொல்லிவிட்டோம்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. அவள் கட்டப்பனைக்குப் போனாள். அங்கே ஆத்தில் மாமியார்தான் சமையல். அந்த மாமி கைமணம் பெரிசு. மாட்டுப்பெண்ணுக்கு ஆபரேஷன் ஆகி வந்திருக்கிறாள், உடம்பு தேற வேண்டும் என்று மொளகூட்டலும் எரிசேரியும், நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சாதமும். மூன்று வாய்க்கு மேல் போகாது என்று சொன்னால், "மூணு வாயில எப்படிடி உடம்பு தேறும்?" என்று பாசத்தோடு இன்னொரு கரண்டி. காரணத்தைச் சொல்ல முடியாது. அப்பாவின் உத்தரவு. சாப்பிட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுப்பாள். மாத்திரைகளை வெளியே எடுத்தால் "பித்தப்பைக்கு எதுக்கு இத்தனை மாத்திரை?" என்ற கேள்வி வரும். அதனால் அதையும் ஒளித்து வைத்து, பிறகு மறந்து, பிறகு நிறுத்தியே விட்டாள். எடை வேகமாகக் குறைந்தது. போனில் கேட்கும்போது எனக்குச் சந்தோஷம்.

ஆகஸ்டில் ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்கு மாப்பிள்ளை கூப்பிட்டார். பத்து நாளாக எதுவும் தங்கவில்லை, எல்லாம் வாந்தி, இன்று நடக்கும்போது தள்ளாடுகிறாள், எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாமா, டாக்டர் என்ன ஆபரேஷன்னு கேக்கறார். அம்மா பக்கத்துல நிக்கறா. என்ன சொல்லட்டும்?" என்றார்.

நான் "பித்தப்பைன்னே சொல்லுங்கோ" என்றேன்.

இதைச் சொல்லத்தான் இன்று மேடை ஏறினேன்.

வண்டி பிடித்துத் திருச்சூர், தொடுபுழை, மூலமற்றம், குளமாவு வழியாக மழையில் போய்ச் சேரக் காலை எட்டரை ஆயிற்று. ராத்திரி முழுக்கக் குளுகோஸ் ஏற்றியிருந்தார்கள். வாந்தியில் வற்றிப்போன ஒருவருக்கு அதுதானே செய்வார்கள்? அவர்களுக்குச் சொன்ன விவரத்துக்கு அது சரியான வைத்தியம். என் பெண் என்னைப் பார்த்தாள், ஆனால் அவள் கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை, துடித்துக்கொண்டே இருந்தது. என்னை அவள் சித்தப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

காலை டியூட்டிக்கு ஒரு இளம் லேடி டாக்டர் வந்தார். பெண்ணின் சுடிதார் இடுப்பில் இரண்டு பக்கமும் பின்னூசி குத்தி இறுக்கியிருந்ததைப் பார்த்தார். தோல் தொங்குவதைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி மலையாளத்தில் கேட்டார்: பித்தப்பை எடுத்தவர்களுக்கு இப்படி எடை குறையாது, இரண்டரை மாசத்தில் எத்தனை கிலோ குறைந்தது? நான் 24 என்றேன். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். சம்பந்தி மாமி கட்டில் தலைமாட்டில் நின்றிருந்தார்.

டாக்டர் காகிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே நர்ஸிடம் தயமின் ஊசி எடுத்து வரச் சொன்னார்.

தயமின் என்பது விட்டமின் பி1. அரிசியின் தவிட்டில் இருப்பது. நம் உடம்பில் அதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். வாந்தியும், மாத்திரை நிறுத்தமும் சேர்ந்தால் தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்ட நிலையில் குளுகோஸ் ஏற்றினால், அதை எரிக்க உடம்பு மிச்சமிருக்கிற துளி தயமினையும் செலவழித்துவிடும். அப்புறம் மூளை பாதிக்கும். கண் அசைவு, நடை, நினைவு மூன்றும் போகும். 1881-இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த வியாதி. தாமதமானால் நினைவு திரும்பாது, உயிரும் போகலாம். முதலில் தயமின், பிறகு குளுகோஸ் என்பது விதி. இந்த அறுவை சிகிச்சை ஆனவர் என்று தெரிந்திருந்தால் ராத்திரி டியூட்டி டாக்டரும் அதைத்தான் செய்திருப்பார்.

தீட்டின அரிசி தின்னும் நாடுகளில் பெரிபெரி என்று இதே குறைபாடு ஜனங்களை வாரிக்கொண்டு போயிற்று. நமக்குப் பக்கத்தில், குன்னூரில், 1918-இல் மக்கரிசன் அதை ஆராய்வதற்கென்றே ஒரு சின்ன ஆய்வுப் பிரிவு ஆரம்பித்தார். அதுவே பின்னால் வளர்ந்து ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. நெல் விளையும் பாலக்காட்டில் பிறந்த என் பெண்ணை ஒரு தவிட்டுச் சத்துக் குறைவு படுக்க வைத்தது. குறைவுக்குக் காரணம் அறுவை சிகிச்சை இல்லை, நான் சொல்லச் சொன்ன பொய்.

மறுநாளே கண் நிலைக்க ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் பேச்சு தெளிந்தது. ஆனால் பிடித்துக்கொள்ளாமல் நடக்க நாலு மாசம் ஆயிற்று. உள்ளங்காலில் மரப்பு இன்னும் இருக்கிறது. கோலம் போட உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிப்பாள்.

சம்பந்தி மாமி அன்றைக்கு வராந்தாவில் என்னிடம் பேசினார். நான் வசவை எதிர்பார்த்து நின்றேன். அவர் அழுதுகொண்டு, "மாமா, எங்கிட்ட சொல்லியிருந்தா நான் கஞ்சித் தெளி வடிச்சுக் கொடுத்திருப்பேனே. பாவம், நானே அவளைத் திணிச்சுத் திணிச்சு..." என்றார். முடிக்கவில்லை. யார் ஏளனம் செய்வார் என்று பயந்து மறைத்தேனோ, அவர் அதற்குப் பிறகு மூன்று மாசம் அவளுக்குச் சின்னக் கிண்ணத்தில் அளந்து ஊட்டினார். இன்றைக்கும் அவள் மாத்திரை டப்பா அந்த மாமியின் பொறுப்பில்தான் இருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். 2012-இல் எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இந்தச் சபையிலிருந்து மட்டும் எத்தனை பேர் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்தீர்கள்! எத்தனை சதவீதம் அடைப்பு, எந்த டாக்டர் என்று கேட்டீர்கள். நானும் பட்டம் வாங்கினவன் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். "நாற்பது வருஷம் வாழைக்காய் வறுவலும் சக்கப்பிரதமனும் சாப்பிட்டதன் பலன்" என்று ஒருவர் கூடச் சொல்லவில்லை. நடந்திருந்தால் குறைந்திருக்குமே, இது குறுக்கு வழிதானே என்று கேட்கவில்லை. என் பெண் கோயம்புத்தூரில் படுத்திருந்தபோது பார்க்க வந்தவர்கள் ஒருவருமில்லை. உங்கள் மேல் குற்றமில்லை, உங்களுக்குத் தெரியாது. ஆனால் தெரிந்திருந்தால் வந்திருப்பீர்களா என்று நானும் கேட்டுக்கொள்கிறேன்.

நம் நாட்டில் பெரிய பதவியில் இருந்தவர்களே இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். நிதின் கட்காரி 2011-இல் செய்துகொண்டார். அருண் ஜெட்லி நிதி மந்திரியாக இருந்தபோது 2014 செப்டம்பரில், சர்க்கரை நோய்க்காகச் செய்துகொண்டார். பத்திரிகைகளில் வந்தது, யாரும் தலை குனியவில்லை. ஆண்பிள்ளைகள், மந்திரிகள் என்றால் அது சிகிச்சை. நம் ஆத்துப் பெண் என்றால் மட்டும் அது வெட்கம். 2020-இல் உலகம் முழுக்க உள்ள பல வைத்திய சங்கங்கள் சேர்ந்து, பருமனானவர்களை இழிவாகப் பார்ப்பது விஞ்ஞானத்துக்கு விரோதம், அது அவர்களுக்குச் சிகிச்சை கிடைப்பதையே கெடுக்கிறது என்று நேச்சர் மெடிசின் என்ற பத்திரிகையில் கூட்டறிக்கை வெளியிட்டன. எனக்கு மூன்று வருஷம் தாமதமாக வந்த அறிக்கை.

இது யாரோ நாலு பேர் பிரச்சினை என்றும் எண்ண வேண்டாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் கேரளத்துப் பெண்களில் நூற்றுக்கு 38 பேரும், ஆண்களில் 36 பேரும் அதிக எடை. இந்த ஹாலில் நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

அதற்காக எல்லோரும் நாளைக்கே கோயம்புத்தூர் பஸ் ஏற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இது பெரிய அறுவை சிகிச்சை. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இதற்காகச் சேர்ந்த புதுச்சேரி இளைஞர் ஒருவர், 26 வயது, இறந்துபோனார். நல்ல அனுபவமுள்ள இடங்களில் உயிர் ஆபத்து ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. பித்தப்பை ஆபரேஷனோடு ஒப்பிடத்தக்க அபாயம்தான். ஆனால் விளம்பரத்தைப் பார்த்தோ, மலிவு என்றோ போகக் கூடாது. மறைத்துச் செய்பவர்கள்தான் யாரையும் விசாரிக்க முடியாமல் விளம்பரத்தை நம்பிப் போகிறார்கள். நாங்கள் அதிர்ஷ்டத்தால் நல்ல இடத்துக்குப் போனோம், அவ்வளவே.

நம்மைப் போன்ற சைவ உணவுக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பி12 நமக்கு முன்பே குறைவு. இதற்குப் பிறகு ஊசியோ மாத்திரையோ ஆயுள் பரியந்தம் வேண்டும். இரும்பு, கால்சியம், விட்டமின் டி எல்லாம் வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டும். வயிற்றில் இடம் கொஞ்சம்தான், அதை ரசஞ்சாதத்தால் நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடமிருக்காது. என் பெண் முதலில் பருப்பு, பனீர், தயிர், அப்புறம்தான் சாதம் என்று இலையைத் தலைகீழாகச் சாப்பிடுகிறாள். பந்தியில் பார்த்தால் ஆசாரக்காரர்களுக்குக் கஷ்டமாக இருக்கும். பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் ஒன்றரை வருஷமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரிடம் போனாலும், முதல் வாக்கியம் இந்த ஆபரேஷன் பற்றியதாக இருக்க வேண்டும்.

பண விஷயமும் கேட்பீர்கள். 2019-இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் விலக்குகளுக்கு ஒரே மாதிரி வாசகம் வகுத்தது. 18 வயது நிரம்பி, டாக்டர் ஆலோசனையின் பேரில், பி.எம்.ஐ. 40 இருந்தாலோ, 35 இருந்து கூடவே கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத் திணறல், இதய நோய் மாதிரி ஒன்று இருந்தாலோ அந்த விலக்கைக் காட்டி மறுக்க முடியாது. பாலிசியை எடுத்துப் படியுங்கள். காத்திருப்புக் காலம் எத்தனை என்று பாருங்கள்.

2025 மார்ச்சில் மௌஞ்சாரோ, ஜூனில் வீகோவி என்று வாராவாரம் போட்டுக்கொள்ளும் ஊசிகள் நம் நாட்டுக்கு வந்தன. சிலருக்கு அதுவே போதுமாகலாம், டாக்டர்தான் சொல்ல வேண்டும். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. இப்போதே சில ஆத்தில் ஊசியை ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பதாகக் கேள்விப்பட்டேன். அது இன்னொரு பித்தப்பை.

என் பெண்ணின் எடை இப்போது 74 கிலோ. ஒருமுறை 69 வரை வந்து, பிறகு ஐந்து கிலோ ஏறி நின்றிருக்கிறது. ஒல்லி இல்லை. சர்க்கரைக்கு ஒரே ஒரு மாத்திரை. தூக்க மெஷினைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. போன வருஷம் கல்பாத்தித் தேரில் நாலு கிராமமும் சுற்றி வந்தாள், சுவர் பிடிக்காமல்.

இன்று வந்திருக்கிறாள். மூன்றாவது வரிசையில், சம்பந்தி மாமிக்குப் பக்கத்தில், நீலப் புடவை. யாருக்கு என்ன கேட்க வேண்டுமோ அவளையே கேட்கலாம். தனியாகக் கேட்க விரும்புகிறவர்கள் சாப்பாடு முடிந்ததும் கேட்கலாம் என்று சொல்லச் சொன்னாள். சமையல் மாமாவிடம் பேசிவிட்டேன், அவள் இலையில் மட்டும் அவள் கேட்டதை, கேட்ட அளவுதான் போடுவார். பந்தி விசாரிக்கும் மாமிமார்களும் தயவுசெய்து அவளை இன்னொரு கரண்டி என்று வற்புறுத்த வேண்டாம். என் இலையில் வேண்டுமானால் போடுங்கள்.